உலகமே எதிர்த்தாலும் உண்மை: ஒரு ஜோன்ஸ் குடும்பத்தைத் தேடி

இன்னைக்குக் கதை ஒரு காலிக் கல்லறையில் ஆரம்பிக்குது.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம். ஸ்பிரிங் கிரீன் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கு. அங்கே 1886ல் கட்டின ஒரு குட்டித் தேவாலயம் இருக்கு. யூனிட்டி சாப்பல் என்று பேர். அதை ஒட்டி ஒரு குடும்பக் கல்லறைத் தோட்டம். அதில் ஒரு கல்லில் ஃபிராங்க் லாய்ட் ரைட் என்ற பேர். 20ஆம் நூற்றாண்டின் பெரிய கட்டடக் கலைஞர்களில் ஒருவர். நியூயார்க்கில் சுருள் சுருளாக மேலேறும் குக்கன்ஹைம் மியூசியம், அருவிக்கு மேலேயே நிற்கும் ஃபாலிங்வாட்டர் வீடு, ரெண்டும் அவர் வரைந்ததுதான்.

கல் இருக்கு, ஆள் இல்லை. 1959ல் அவரை இங்கேதான் புதைத்தார்கள். 1985ல் அவருடைய மனைவி ஓல்கிவானா இறந்தார். தன் சாம்பலும் கணவரின் சாம்பலும் ஒரே இடத்தில் இருக்கணும் என்பது அவருடைய ஆசை. அதனால் ரைட்டின் உடலைத் தோண்டி எடுத்து, எரித்து, சாம்பலை அரிசோனாவுக்குக் கொண்டுபோனாங்க. சொந்தக்காரங்களில் பல பேருக்கு அது பெரிய மனவருத்தம். ஏன்னா அந்தத் தோட்டத்தில் சுற்றி இருப்பதெல்லாம் ரைட்டின் அம்மா வழிச் சொந்தம். தாத்தா, பாட்டி, மாமாக்கள், சித்திகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் லாய்ட் ஜோன்ஸ், லாய்ட் ஜோன்ஸ்.

யார் இந்த லாய்ட் ஜோன்ஸ்கள்? இந்தக் குடும்பத்தை அமெரிக்காவுக்குக் கூட்டிட்டு வந்தவர் ரைட்டின் தாத்தா, ரிச்சர்ட் லாய்ட் ஜோன்ஸ். 1799ல் வேல்ஸில் பிறந்தவர். தொப்பி செய்வது தொழில், கூடவே கொஞ்சம் விவசாயம், ஞாயிற்றுக்கிழமையானால் பிரசங்கம். 1844ல் மனைவி மேரியையும் ஏழு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார்.

இன்னைக்கு அவரைத்தான் தேடிப் போகப் போறோம். ராஜாவும் இல்லை, தளபதியும் இல்லை. ஒரு சாதாரணத் தொப்பிக்காரர். அப்படிப்பட்ட ஒருத்தரை 180 வருஷம் கழித்து எப்படிக் கண்டுபிடிப்பது? போகிற வழியில் எந்தக் காகிதத்தை நம்புவது, எந்தக் கதையை நம்புவது?

பேரே முதல் தலைவலி

வெல்ஷ் முன்னோரைத் தேடுகிறவங்களுக்கு முதல் தலைவலி பேர்தான். வேல்ஸில் ரொம்ப அதிகம் பேருக்கு இருக்கிற குடும்பப் பேர் ஜோன்ஸ். ஒரே ஊரில், ஒரே வருஷத்தில், நாலு ஜான் ஜோன்ஸ் கிடைப்பாங்க. இதில் வேடிக்கை என்னன்னா, பழைய வெல்ஷ் எழுத்து வரிசையில் 'ஜே' என்ற எழுத்தே கிடையாது!

அப்போ இது எப்படி நடந்தது? நம்ம ஊர் இனிஷியலை நினைச்சுக்கோங்க, சட்டுன்னு புரிஞ்சிடும்.

முருகனோட மகன் மு. செல்வம். செல்வத்தோட மகள் செ. கவிதா. குடும்பப் பேர்னு எதுவும் இல்லை, ஒவ்வொரு தலைமுறைக்கும் அப்பா பேர் மாறிக்கிட்டே வரும். வெல்ஷ்காரர்களும் இதையேதான் செய்தாங்க. 'ஆப்' என்றால் மகன். ரீஸின் மகன் டேவிட் என்றால் டேவிட் ஆப் ரீஸ். அந்த டேவிட்டின் மகன் ஹுவெல் என்றால் ஹுவெல் ஆப் டேவிட். பெண்ணாக இருந்தால் 'மகள்' என்று பொருள்படும் இன்னொரு சொல். கல்யாணமானாலும் பெண்கள் பல காலம் தங்கள் அப்பா பேரிலேயேதான் அறியப்பட்டாங்க.

16ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி காலத்தில் வேல்ஸை இங்கிலாந்தின் சட்டத்துக்குள் கொண்டுவந்தாங்க. கோர்ட்டில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதுகிற குமாஸ்தாவுக்கு மாறிக்கிட்டே இருக்கிற பேர் ஒத்து வரலை. நிலையான ஒரு குடும்பப் பேர் வேணும். அதனால் அந்தந்தத் தலைமுறையில் அப்பா பேர் என்னவோ, அது அப்படியே உறைந்துபோச்சு. ஆப் ரீஸ் என்பது பிரைஸ் ஆனது. ஆப் ஹுவெல், பவல். ஆப் ஹ்யூ, பியூ. ஜானின் மகன், ஜோன்ஸ். முதலில் பெரிய குடும்பங்கள் மாறின. மேற்கு வேல்ஸின் ஏழை விவசாயிகளிடம் பழைய முறை 18ஆம் நூற்றாண்டு தாண்டியும் ஓடிக்கிட்டு இருந்தது.

நம்ம ஆளுங்க வெளிநாடு போகும்போது பாஸ்போர்ட்டில் நடப்பதும் இதுதானே? 'கடைசிப் பெயர்' கட்டத்தில் செல்வம் தன் அப்பா பேரை எழுதுவார். அவர் பிள்ளைகளும் அதே பேரைத் தொடர்ந்தால், ரெண்டு தலைமுறை கழித்து அங்கே ஒரு முருகன் குடும்பம் உருவாகிடும். அந்த முருகன் யார் என்று கொள்ளுப் பேரனுக்குத் தெரியாது.

சரி, ஊரெல்லாம் ஜோன்ஸாக இருந்தால் ஒருத்தரை ஒருத்தர் எப்படிக் கூப்பிட்டுக்கிட்டாங்க? பண்ணை வீட்டின் பேரைச் சேர்த்து, இல்லைன்னா தொழிலைச் சேர்த்து. பால் ஊற்றுகிற ஜோன்ஸ், ரொட்டிக்கடை ஜோன்ஸ். சில குடும்பங்கள் ரெண்டு பேரை ஒட்டி வைத்துக்கொண்டன. நம்ம ரிச்சர்டின் குடும்பத்தில் அந்த இன்னொரு பேர் லாய்ட். 'சாம்பல் நிறம்' என்று பொருள்படும் வெல்ஷ் சொல்லிலிருந்து வந்தது. தேடுகிறவனுக்கு இந்த 'லாய்ட்' ஒரு வரப்பிரசாதம். வெறும் ரிச்சர்ட் ஜோன்ஸாக இருந்திருந்தால் கதை கந்தல்.

பின்னாலிருந்து முன்னால்

குடும்ப வரலாறு தேடுகிறவங்களுக்கு ஒரு விதி உண்டு. முன்னோரிடம் ஆரம்பிக்காதே, உன்னிடம் ஆரம்பி. தெரிந்ததிலிருந்து தெரியாததுக்கு, ஒரு நேரத்தில் ஒரு படி. வேல்ஸுக்கு நேராகப் போய் ரிச்சர்ட் ஜோன்ஸைத் தேடினால் ஆயிரம் பேர் கிடைப்பாங்க. முதலில் அமெரிக்கக் காகிதத்தைப் பார்க்கணும்.

அமெரிக்காவில் 1790 முதல் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உண்டு. ஆனால் 1840 வரை குடும்பத் தலைவர் பேர் மட்டும்தான் எழுதுவாங்க. மற்றவங்க எல்லாம் வயசுவாரியாக வெறும் எண்ணிக்கை. 1850ல்தான் ஒவ்வொருத்தர் பேரும், வயசும், பிறந்த இடமும் வருது. அதுவும் சுதந்திர மனிதர்களுக்கு மட்டும். அடிமைகளுக்கு அங்கேயும் பேர் கிடையாது.

அந்த 1850 கணக்கெடுப்பு ஒரு குடும்பத்தின் பிள்ளைகளை வரிசையாகக் காட்டும். பெரியவர்களுக்குப் பிறந்த இடம் வேல்ஸ், கடைக்குட்டிகளுக்கு விஸ்கான்சின் என்று இருந்தால், ரெண்டுக்கும் நடுவில்தான் கப்பல் பயணம் நடந்திருக்கணும். ஒரு பட்டியலை வைத்தே வந்த வருஷத்தைக் கிட்டத்தட்டப் பிடிச்சிடலாம். ஒரே சிக்கல், எழுதுகிற அதிகாரி வேல்ஸ், இங்கிலாந்து ரெண்டையும் ஒண்ணுதான் என்று நினைத்து இங்கிலாந்து என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். இது அடிக்கடி நடக்கும்.

அடுத்து கப்பல் பட்டியல். 1820 முதல் அமெரிக்கத் துறைமுகத்துக்கு வந்த ஒவ்வொரு கப்பலின் கேப்டனும் பயணிகள் பட்டியல் கொடுத்தாகணும். இங்கே ஒரு பிரபலமான கட்டுக்கதையை உடைச்சிடலாம். 'எல்லிஸ் தீவில் அதிகாரி எங்க தாத்தா பேரை மாத்திட்டார்' என்று அமெரிக்காவில் எத்தனையோ குடும்பங்கள் சொல்லும். எல்லிஸ் தீவு நிலையம் திறந்ததே 1892ல். அதுக்கு முந்தைய காசில் கார்டன் 1855ல். 1844ல் வந்தவங்க ரெண்டையும் பார்த்ததே இல்லை. எல்லிஸ் தீவிலும் அதிகாரிகள் புதுசாகப் பேர் எழுதலை, கப்பல் ஏறும்போதே எழுதின பட்டியலைத்தான் சரிபார்த்தாங்க. பேர் மாறினால், பெரும்பாலும் மாற்றினது தாத்தாவேதான்.

இன்னொரு நல்ல வழி, செய்தித்தாள். 1851ல் நியூயார்க்கில் 'அ ட்ரீக்' என்று ஒரு வெல்ஷ் மொழிப் பத்திரிகை தொடங்கினாங்க. 'கண்ணாடி' என்று அர்த்தம். இந்த மாதிரி வெல்ஷ் இதழ்களின் மரணச் செய்திகளில் இறந்தவர் வேல்ஸில் எந்த ஊர், எந்தச் சபை என்பது வரை வரும். கணக்கெடுப்பு அதிகாரிக்கு 'வேல்ஸ்' போதும். சொந்த ஊர்க்காரனுக்கு ஊர் பேர் தெரிஞ்சாகணும், இல்லையா?

கரும்புள்ளி

இப்போ அட்லாண்டிக்கைத் தாண்டி வேல்ஸுக்குப் போவோம். தென்மேற்கில் கெரெடிகியன் பகுதி, டைவி ஆற்றங்கரையில் ஹ்லான்டசில் என்ற ஊர். முதல் எழுத்தை எழுதுவதே கஷ்டம். நாக்கை 'ல்'லுக்கு வைத்துக்கொண்டு காற்றை ஊதணும். நமக்கு 'ழ' மாதிரி, வெளியாளை உடனே காட்டிக் கொடுக்கிற எழுத்து அவங்களுக்கு இது. ரிச்சர்ட் இந்த ஊர்ப் பக்கம்தான்.

இங்கே என்ன காகிதம் கிடைக்கும்? பிறப்பு, இறப்பு, திருமணத்துக்கு அரசுப் பதிவு 1837 ஜூலையில்தான் தொடங்குது. பேரோடு எடுத்த முதல் கணக்கெடுப்பு 1841. அதில் 15 வயசுக்கு மேல் இருந்தால் வயசை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னாங்க. 41 வயசுக்காரர் 40 ஆகிடுவார், 44 வயசுக்காரரும் 40தான். பிறந்த ஊரும் இருக்காது. 'இதே மாவட்டமா?' என்ற கேள்விக்கு ஆம், இல்லை, அவ்வளவுதான். ஊர் பேர் 1851ல்தான் வருது, அதுக்குள்ள ரிச்சர்ட் விஸ்கான்சினில் மரம் வெட்டிக்கிட்டு இருந்தார்.

அதுக்கு முன்னால் போகணும் என்றால் கோயில் பதிவேடுகள்தான். இங்கே இன்னொரு முடிச்சு. இந்தக் குடும்பம் அரசாங்கத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையில் இல்லை. அவங்க யூனிட்டேரியன். மூவொரு கடவுள் என்ற கொள்கையை ஏற்காமல், கடவுள் ஒருவரே, இயேசு ஒரு பெரிய மனிதர் என்று சொன்னவங்க. சுற்றியிருந்த கால்வினிய மெதடிஸ்டுகளுக்கு இது பெரும் பாவம். டைவி ஆற்றை ஒட்டின இந்தப் பகுதியில் யூனிட்டேரியன்கள் அதிகம் என்பதால் அந்த இடத்துக்கே 'கரும்புள்ளி' என்று பேர் வைத்தாங்க. வெளிச்சம் போகாத இடமாம்!

தேடுகிறவனுக்கு இதனால் என்ன? ரிச்சர்ட் மாதிரியான ஆட்களின் ஞானஸ்நானம் ஆங்கிலிக்கன் பதிவேட்டில் இருக்காது, அவங்க சபையின் பதிவேட்டில் தேடணும். அந்தப் பதிவேடுகளில் பலதை 1837க்குப் பிறகு அரசாங்கம் வாங்கி வைத்தது. இப்போ லண்டனில் கியூ ஆவணக் காப்பகத்தில் இருக்கு. ஆனால் திருமணம் மட்டும் ஆங்கிலிக்கன் பதிவேட்டில்தான்! 1754 முதல் 1837 வரை குவேக்கர்கள், யூதர்கள் தவிர எல்லாரும் ஆங்கிலிக்கன் கோயிலில்தான் கல்யாணம் பண்ணணும் என்று சட்டம். நம்பாத கடவுள் கொள்கை முன்னாடி நின்றுதான் மேரியும் ரிச்சர்டும் மாதிரி ஜோடிகள் கையெழுத்துப் போட்டாகணும். உயில்கள், அந்தப் பகுதிப் பழைய செய்தித்தாள்கள் வேணும் என்றால் அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகம். நிறைய விஷயம் இணையத்திலேயே இலவசம்.

ஏன் கிளம்பினாங்க?

பதிவேடு 'யார், எப்போ' என்று சொல்லும். 'ஏன்' என்று சொல்லாது. அதுக்கு ஊரின் வரலாற்றைப் படிக்கணும்.

1830களின் கடைசி, 1840களின் தொடக்கம். மேற்கு வேல்ஸில் அடுத்தடுத்து மோசமான விளைச்சல். நிலம் பண்ணையாருக்கு, வாடகை விவசாயிக்கு. தான் காலடி வைக்காத ஆங்கிலிக்கன் சபைக்கு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரி. 1836 சட்டம் அதைப் பணமாகவே கொடு என்றது. இதெல்லாம் போதாதுன்னு ரோட்டில் சுங்கச்சாவடி. வயலுக்குச் சுண்ணாம்பு ஏற்றிப் போகிற வண்டி ஒவ்வொரு கேட்டிலும் காசு கட்டணும். டோல்கேட் கோபம் நமக்குப் புதுசா என்ன?

அவங்க கோபம் வேற மாதிரி வெடித்தது. 1839லும், பிறகு 1842 முதலும், ராத்திரியில் ஆண்கள் பெண் உடை போட்டுக்கொண்டு, முகத்தில் கரி பூசிக்கொண்டு வந்து சாவடிகளை உடைத்தார்கள். தலைவருக்குப் பேர் ரெபெக்கா, கூட வந்தவங்க அவளுடைய மகள்கள். வரலாற்றில் இதை ரெபெக்கா கலவரங்கள் என்பார்கள். ரிச்சர்டின் குடும்பம் இருந்த ஊர்ப் பக்கமெல்லாம் இது நடந்தது.

ஏற்கெனவே அமெரிக்கா போயிருந்த ரிச்சர்டின் சகோதரர் ஜென்கின் விஸ்கான்சினில் இடம் பார்த்து வைத்திருந்தார். ஒருத்தர் போய், அடுத்தவரைக் கூப்பிடுவது. குடிபெயர்வு உலகம் முழுக்க இப்படித்தான் நடக்குது. அதனால்தான் அனுபவசாலிகள் சொல்லுவாங்க, தனி ஆளைத் தேடாதே, கூடப் போனவங்களையும் தேடு என்று.

இக்ஸோனியா

1844 கடைசியில் கிளம்பின குடும்பம் நியூயார்க் வழியாக, ஈரி கால்வாயும் பெரிய ஏரிகளும் காட்டின பாதையில் மேற்கே போனது. விஸ்கான்சின் அப்போ மாநிலம்கூட இல்லை, 1848ல்தான் ஆனது. அங்கே போய்ச் சேரும் முன்பே, வழியில், நானி என்ற சின்னப் பெண் குழந்தை இறந்துபோனாள். நானியை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

அவங்க முதலில் குடியேறின ஊர் இக்ஸோனியா. 1846ல் ஊருக்குப் பேர் வைப்பதில் சண்டை. ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு எழுத்துச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னாங்க. வந்த எழுத்துகளைக் கோத்ததில் கிடைத்த பேர்தான் இக்ஸோனியா. பேர் எல்லாத்துக்கும் ஆழமான வேர் இருக்கும் என்று நம்புகிறவங்களுக்கு இது நல்ல பாடம்.

1860களில் குடும்பம் ஸ்பிரிங் கிரீன் பக்கத்தில், ஹெலெனா பள்ளத்தாக்குக்கு மாறியது. அங்கேதான் வேரூன்றியது. விஸ்கான்சினில் பிறந்தவங்களையும் சேர்த்து, பிழைத்து வளர்ந்த பிள்ளைகள் பத்து. பக்கத்துப் பக்கத்துப் பண்ணைகள், சொந்தப் பள்ளிக்கூடம், சொந்தத் தேவாலயம். அக்கம்பக்கத்தில் 'சர்வ வல்லமை படைத்த ஜோன்ஸ்களின் பள்ளத்தாக்கு' என்று கிண்டலாகப் பேர் வைக்கும் அளவுக்கு.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தணும். வேல்ஸில் சொந்த நிலமில்லாத குடும்பத்துக்கு இங்கே எப்படி நிலம் கிடைத்தது? அரசாங்கம் அப்போ ஒரு ஏக்கருக்குக் கேட்ட குறைந்தபட்ச விலை 1.25 டாலர். அந்த விலைக்கு விற்க அரசாங்கத்துக்கு நிலம் எங்கிருந்து வந்தது? தெற்கு விஸ்கான்சின் ஹோ-சங்க் மக்களின் பூமி. 1829, 1832, 1837 ஒப்பந்தங்களில் அவங்களிடமிருந்து அதை வாங்கிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம், மாநிலத்துக்கு அந்தப் பக்கம் என்று விரட்டினாங்க. பல பேர் திரும்பத் திரும்ப நடந்தே வந்தாங்க, ராணுவம் திரும்பத் திரும்பக் கொண்டுபோய் விட்டது. 1832ல் சௌக் மக்களின் தலைவர் பிளாக் ஹாக்கைத் துரத்திக்கொண்டு வந்த படை, இதே ஹெலெனாவில் இருந்த மரவீடுகளைப் பிரித்துத் தெப்பம் கட்டித்தான் விஸ்கான்சின் ஆற்றைக் கடந்தது.

பண்ணையாருக்குப் பயந்து ஓடி வந்த நேர்மையான மனிதர் ரிச்சர்ட். அவர் யாரையும் விரட்டலை. ஆனால் விரட்டப்பட்டவங்க விட்டுப்போன இடத்தில்தான் உழுதார். முன்னோரைத் தேடினால் இந்த ரெண்டும் சேர்ந்தேதான் கிடைக்கும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வர முடியாது.

உண்மைக்கு ஒரு முத்திரை

இந்தக் குடும்பத்துக்கு ஒரு முழக்கம் உண்டு. வெல்ஷ் மொழியில் இருப்பதைத் தமிழில் சொன்னால், 'உலகமே எதிர்த்தாலும் உண்மை'. கூடவே ஒரு சின்னம், மேலிருந்து விரிந்து இறங்கும் மூன்று ஒளிக்கோடுகள். பழங்கால துருயிதுப் பூசாரிகளின் வழியில் வந்ததாக அந்தக் காலத்தில் எல்லாரும் நம்பினது. கரும்புள்ளி என்று ஏசப்பட்ட ஒரு கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான முழக்கம் வேணுமா?

இப்போ அதைத் தேடிப் போனால் எங்கே போய் நிற்போம்? எட்வர்ட் வில்லியம்ஸ் என்ற ஒரு கல்தச்சரிடம். 1747ல் பிறந்து 1826ல் இறந்தவர். புனைபெயர் யோலோ மோர்கானுக். அபார அறிவாளி, கவிஞர், அபின் கலந்த மருந்துக்கு அடிமை, அவரும் யூனிட்டேரியன். தானே எழுதின கவிதைகளை 14ஆம் நூற்றாண்டின் பெருங்கவிஞர் தாவித் ஆப் குவிலிமின் பாட்டு என்று சொல்லி 1789ல் வந்த தொகுப்பில் நுழைத்தவர். 1792ல் லண்டனில் ஒரு குன்றின் மேல் கற்களை வட்டமாக வைத்து, இது துருயிதுகள் காலத்துச் சடங்கு என்று ஒரு விழா எடுத்தார். சடங்கு, சின்னம், முழக்கம், எல்லாம் அவர் கைவேலை. 20ஆம் நூற்றாண்டில் கிரிஃபித் ஜான் வில்லியம்ஸ் என்ற அறிஞர் கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எது நிஜம், எது யோலோ என்று பிரித்தெடுத்தார். இன்றும் வேல்ஸின் தேசியக் கலைவிழாவில் அந்தச் சடங்கு நடக்குது. அது யோலோ உருவாக்கியது என்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே நடத்துறாங்க.

ஆக, 'உண்மை' என்று முழங்கின குடும்பம் அந்த முழக்கத்தையே ஒரு போலி ஆவணக்காரரிடமிருந்துதான் வாங்கியிருக்கு. அவங்களுக்கு அது தெரியாது. நம்பித்தான் சொன்னாங்க.

பேரன் ரைட் கதையோ வேற. அவர் 1867 ஜூன் 8ல் பிறந்தவர். வாழ்நாளின் பெரும்பகுதி 1869 என்று சொல்லிக்கொண்டார். 1959 ஏப்ரலில் இறந்தபோது செய்தித்தாள்கள் வயது 89 என்று எழுதின. நிஜத்தில் 91. இதைப் பிடிக்க டிஎன்ஏ எல்லாம் வேண்டாம். அவருடைய தங்கை ஜேன் பிறந்ததே 1869ல்! பேரும் அப்படித்தான். பிறந்தபோது அவர் ஃபிராங்க் லிங்கன் ரைட். அப்பாவும் அம்மாவும் 1885ல் பிரிந்தாங்க. அதுக்குப் பிறகு லிங்கனை எடுத்துவிட்டு அம்மா வழிப் பேரான லாய்டைச் சேர்த்துக்கொண்டார். 1911ல் அந்தப் பள்ளத்தாக்கில் கட்டின தன் வீட்டுக்கு டாலியெசின் என்று பழைய வெல்ஷ் கவிஞரின் பேரை வைத்தார். யோலோ தன் மகனுக்கு வைத்த பேரும் டாலியெசின்தான்!

தன் சுயசரிதையில் ரைட் இன்னொன்று சொல்கிறார். தான் பிறக்கும் முன்பே அம்மா அன்னா, பிள்ளை கட்டடக் கலைஞன் ஆவான் என்று முடிவு செய்து, அவன் அறையில் பெரிய தேவாலயங்களின் படங்களை மாட்டி வைத்தார் என்று. நல்ல கதை. பேர் வாங்கின பிறகு சொந்த வாயால் சொன்ன கதை என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளணும்.

அதே நேரம், எல்லாமே கட்டுக்கதை என்று தூக்கிப் போட்டாலும் தப்பு. ரிச்சர்டின் மகன் ஜென்கின், அமெரிக்கா வந்தபோது கைக்குழந்தை. வளர்ந்து உள்நாட்டுப் போரில் பீரங்கிப் படையில் சண்டை போட்டார், பிறகு சிகாகோவில் யூனிட்டேரியன் போதகர். போரைப் பார்த்ததனாலேயே கடைசிவரை போரை எதிர்த்தார். 1893ல் சிகாகோவில் உலக சமயங்களின் மாநாடு நடந்ததே, அதன் செயலாளர் இவர். சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாகப் பணம் திரட்டி விவேகானந்தரை அனுப்பி வைத்தது இதே மாநாட்டுக்குத்தான். கரும்புள்ளியில் 'எங்க நம்பிக்கையைச் சொல்ல விடுங்க' என்று கேட்ட ஒரு குடும்பத்தின் பிள்ளை, எல்லா மதத்துக்காரரும் பேசும் மேடைக்கு நாற்காலி போட்டிருக்கார். முழக்கம் போலியாக இருக்கலாம், அதை நம்பி வாழ்ந்த வாழ்க்கை போலி இல்லை.

நானி

இப்போ நானியிடம் திரும்புவோம்.

1850 கணக்கெடுப்பில் அவள் இல்லை, அதுக்கு முன்பே இறந்துவிட்டாள். அவள் இறந்த காலத்தில் நியூயார்க் மாநிலம் முழுவதுக்குமான இறப்புப் பதிவு என்ற ஏற்பாடே கிடையாது. அந்த மாதிரி ஒரு குழந்தைக்கு அமெரிக்கக் காகிதத்தில் இடம் இருந்தால், அது கப்பல் பட்டியலில் ஒரு வரி. அவ்வளவுதான். அப்புறம் எப்படி அவள் பேர் நமக்குத் தெரியும்? அம்மா மேரி சொன்னாள், அக்கா அண்ணன்கள் சொன்னாங்க, அடுத்த தலைமுறை கேட்டு எழுதி வைத்தது. பிறந்த வருஷத்தை மாற்றிச் சொன்ன அதே குடும்பம்தான், வழியில் விட்டுவிட்டு வந்த ஒரு குழந்தையின் பேரையும் காப்பாற்றித் தந்திருக்கு.

அதனால் குடும்பக் கதையை அப்படியே நம்பவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். யார் சொன்னது, எப்போ சொன்னது, அவங்களுக்கு எப்படித் தெரியும் என்று மூன்றையும் பக்கத்தில் எழுதி வச்சுக்கோங்க. காகிதத்துக்கும் இதே கேள்விகள்தான். கணக்கெடுப்பில் 40 என்று இருந்தால் அது 44ஆகவும் இருக்கலாம் என்று இப்போ உங்களுக்குத் தெரியும்.

இந்த வாரம் ஒரு சின்ன வேலை. வீட்டில் ரொம்ப மூத்தவங்க யாரோ, பாட்டியோ பெரியம்மாவோ, அவங்களுக்கு ஒரு போன் போடுங்க. 'நாம எந்த ஊர், எந்த ராஜா வம்சம்' என்றெல்லாம் கேட்காதீங்க, அதுக்கு எல்லா வீட்டிலும் பதில் ரெடியா இருக்கும். 'உங்க கூடப் பிறந்தவங்க மொத்தம் எத்தனை பேர், அதில் சின்ன வயசிலேயே போயிட்டவங்க யாராவது உண்டா, பேர் ஞாபகம் இருக்கா?' என்று கேளுங்க. கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அவசரப்படாதீங்க, காத்திருங்க. அவங்க சொல்ற பேரை உடனே எழுதி வச்சுடுங்க.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம். வணக்கம்.